பதினோரு செகண்டுக்கு ஒரு மின்னல்

என்னங்க,

டூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு மேசையில மூடி வெச்சிருக்கேன். மாடிச் சாவி என் தலையணைக்கு அடியில.

நம்ம செத்துப்போன சாட்டிலைட் இன்னிக்கு ஏழு பத்துக்குத் தண்ணித் தொட்டிக்கு மேல வரும். உருண்டுக்கிட்டே போறதால விட்டு விட்டு மின்னும். முதல் மின்னலைப் பூஜ்யம்னு வெச்சு, பத்துன்னு எண்ணுற வரைக்கும் ஸ்டாப்வாட்ச்ல பாருங்க. ஞாயித்துக்கிழமை முதல் மின்னலையே ஒண்ணுன்னு எண்ணித்தான் கோட்டை விட்டீங்க. நான் சொன்னது சரி. உங்க தங்கச்சி முன்னாடி வெச்சு அதைச் சொன்னதுதான் என் தப்பு.

நூத்திப்பத்து செகண்ட் வரும், பந்தயம்!

பி.கு: மஃப்ளர் கட்டிக்கோங்க.

இன்னொண்ணு: உயிரில்லாத அதுவே பதினோரு செகண்டுக்கு ஒரு தடவை நம்ம பக்கம் முகத்தைத் திருப்புது. நீங்க என் பக்கம் திரும்பி மூணு நாளாச்சு.