ஒத்து இல்லாத பத்தாம் நாள்

4 அக்டோபர் 1943, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். அது ஆறரை என்றது. வெளியே கும்மிருட்டு. ஜப்பான்காரர்கள் வந்து மணியை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் இருட்டில்தான் பல் துலக்குகிறது. ஆண்டையும் மாற்றிவிட்டார்கள். ரயில்வே ஆபீஸில் என் வீட்டுக்காரர் 2603 என்று எழுதுகிறார். இந்த நோட்டில் 1943தான்.

நவராத்திரி ஐந்தாம் நாள். கோயிலில் கன்னையாவின் நாகசுரம். சண்டைக்கு முந்தின வருஷம் ஒரு திருவிழாவுக்கென்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். கப்பல் நின்றுபோனதில் இங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு அது கஷ்டம், எனக்கு அதிர்ஷ்டம். அப்படி நினைப்பது தப்புதான்.

பெண்கள் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் என் இடம். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, "டீச்சர் சாமி கும்பிட வரல லா, நாயனம் கும்பிட வராங்க" என்றார். மறுக்கவில்லை.

இன்று பைரவி. நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போதுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுருதி பிடிக்கும் தம்புசாமியின் ஒத்துக்குழல் தனியாகக் கேட்டது. கன்னம் உப்ப, ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷமாக அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

5 அக்டோபர்

மழை. மரவள்ளிக்கிழங்கு. கரகரப்பிரியா. போதும்.

7 அக்டோபர், வியாழன்

தம்புசாமியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காலையில் தன் அக்காவைப் பார்க்கக் கிள்ளான் போயிருக்கிறான். அங்கே காய்கறிப் பாசார் வாசலில் லோரி நின்றதாம். நடந்துபோன ஆண்களை எல்லாம் ஏற்றியிருக்கிறார்கள். சயாமில் ரயில் பாதை போடத்தான் என்கிறார்கள். தவில்காரர் பக்கிரிசாமிதான் கோயில் வாசலில் நின்று சொன்னார். சொல்லும்போது அவர் விரல்களில் தவில் கூடு மாட்டியபடியே இருந்தது.

இன்று மேளம் இல்லை. மணி மட்டும்.

வீட்டில் சொன்னேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சயாமுக்குப் போகும் ரயில் வண்டிகளின் நடமாட்டமெல்லாம் அவர் மேசைக்கு வருகிறது. எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் – நான் கேட்பதில்லை. கேட்க வேண்டுமா?

8 அக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூசை. புத்தகங்களோடு என் ஆர்மோனியத்தையும் வைத்தேன். பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு அதைத் திறக்கவே இல்லை. பெண் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பயன்பட்ட பெட்டி. மதராஸில் பி.ஏ. முடித்துக் கல்யாணமாகிக் கப்பலேறியபோது கூடவே வந்தது.

இன்றும் மேளம் இல்லை. கோயில் பலகையில், நாளை மாலை ஆறு மணிக்கு அம்பாள் புறப்பாடு, மங்கள இசை உண்டு என்று எழுதியிருக்கிறது. உண்டா?

9 அக்டோபர், சனி. விஜயதசமி

காலையில் பூசையிலிருந்து எடுத்த எதையும் கொஞ்சமாவது தொட வேண்டும் என்பது முறை. புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தேன். ஆர்மோனியத்தில் ஒரு சுரம் அமுக்கினேன். துருத்தியில் காற்றுக் கசிகிறது. சத்தம் வந்தது.

மற்ற நாளெல்லாம் கோயில் மணி கேட்டுத்தான் கிளம்புவேன். இன்று பலகையை நம்பி, கடிகாரம் ஆறு காட்டும்போதே போய் நின்றேன். வெயில் இறங்கவேயில்லை, அது கூடத் தோன்றவில்லை. கோயிலில் ஈ காக்கை இல்லை. மண்டபத்தில் கன்னையாவும் பக்கிரிசாமியும் மட்டும்.

"டீச்சரம்மா, அது ஐயரு எழுதின மணி. பஞ்சாங்கம் பார்த்துப் போட்டது. பழைய ஆறு" என்று பக்கிரிசாமி சிரித்தார். "உங்க கடிகாரத்துக்கு ஏழரை."

திரும்பிப் போயிருப்பேன். கன்னையா நாகசுரத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். புறப்பாட்டுக்கு முன்பே ஏன் கட்டுகிறார்?

பக்கிரிசாமிதான் விவரம் சொன்னார். கடைசி நாளும் மேளம் இல்லையென்றால் கன்னையாவைக் கோயில் வேலையிலிருந்து எடுத்துவிடுவதாகத் தலைவர் இராமலிங்கம் சொல்லிவிட்டாராம். கோயில் ஆள் என்ற பேர் போய்விட்டால் அடுத்த லோரியில் ஏற்றுவார்கள். கேட்க நாதியில்லை. அப்படியிருந்தும் இவர் ஊத மாட்டேன் என்கிறார்.

"மாட்டேன்னு சொல்லலை. வரலை" என்றார் கன்னையா. "ரெண்டு நாளா ஊதிப் பார்த்துட்டேம்மா. ஒத்து இல்லாம எங்க நிக்கிறேன்னே தெரியலை. தம்பு உட்கார்ற பக்கமே காது போயிடுது."

உங்கள் சுருதி என்ன என்று கேட்டேன். இரண்டரைக் கட்டை என்றார். அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

அவர் முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

"யார் வாசிக்கப் போறது?"

"நான். ஒரு சுரம்தான்."

வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு கயிறு எடுத்துவந்து பெட்டியைச் சைக்கிளில் கட்டினார்.

கோயிலில் பெட்டி கொஞ்சம் சுருதி இறங்கிப் பேசியது. கன்னையா சீவாளியை மேலே இழுத்து, ஊதி, இன்னும் இழுத்து, கடைசியில் தலையசைத்தார். அதற்குள் ஜனம் வந்துவிட்டது. இராமலிங்கமும் வந்தார். தம்புசாமியின் இடத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்னிடம் அல்ல, கன்னையாவிடம் கேட்டார்: "குடும்பப் பொம்பளை மேளத்துல உட்கார்றதா? எந்த ஊர் வழக்கம் இது?"

பக்கிரிசாமி விரல்கூட்டைச் சரிபார்த்தபடி சொன்னார்: "அப்ப நீங்க உட்காருங்கய்யா. கை வலிக்கும், அவ்வளவுதான்."

யாரோ சிரித்தார்கள். கன்னையா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கல்யாணியைத் தொட்டுவிட்டார்.

இத்தனை நாள் தூணுக்குப் பின்னால் கேட்டது வேறு. இங்கே மூச்சு இழுப்பது கேட்கிறது, காலால் தாளம் போடுவது நான் உட்கார்ந்த பலகையில் அதிர்கிறது. ஆனால் ராகத்தின் பின்னால் போக முடியவில்லை. மனம் போனால் கை தளர்கிறது, கை தளர்ந்தால் சுரம் அசைகிறது. ஒரு முறை அசைந்தது. கன்னையா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அதே சுரத்தில் வந்து நின்று நான் நிமிரும் வரை நீட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அசையவில்லை. வருஷம் பூராவும் காத்திருந்த கல்யாணி, அதில் பாதிகூட நான் கேட்கவில்லை. அந்தத் தம்புசாமியும் இப்படித்தானோ, ஊதிய நாளெல்லாம் ஒரு ராகமும் முழுசாகக் கேட்காமல்?

அம்பாள் புறப்பட்டாள். பெட்டியோடு பின்னால் நடக்க முடியாது என்பதால் அங்கேயே இருந்தேன். தெருக்கோடியில் நாகசுரம் கேட்டது. சுருதிக்குப் பெட்டி இல்லாமலே அது தன்னால் நிலைத்து நின்றது.

10 அக்டோபர், ஞாயிறு

இடது தோளைத் தூக்க முடியவில்லை. தெருக்குழாயடியில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். லெட்சுமி அக்கா மட்டும், "மேளக்காரம்மா, தண்ணி முதல்ல நீங்க பிடிங்க லா" என்று வழி விட்டார். கேலியா மரியாதையா? குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

கன்னையாவை வேலையில் வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்தான் விசாரித்துவந்து சொன்னார், சாதாரணமாகச் சொல்வதுபோல்.

12 அக்டோபர்

தம்புசாமி சயாமுக்குப் போகவில்லை! காப்பார் பக்கம் மண் வெட்ட விட்டிருக்கிறார்களாம். அவன் அக்கா தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இளைத்திருக்கிறானாம். ஆனால் இருக்கிறான். பக்கிரிசாமி இதைச் சொல்ல வீடுவரை வந்தார். காப்பார் எவ்வளவு தூரம், கிள்ளானுக்கு அந்தப் பக்கம்தானே.

14 அக்டோபர், வியாழன்

இராமலிங்கம் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரிடம் நல்லபடியாகத்தான் பேசினார். நாளையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மேளம் வைக்கிறார்களாம். ஜனம் கேட்கிறதாம். பெட்டியைக் கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியம், அமுக்குவதற்கு ஓர் ஆளைப் போட்டுக்கொள்வார்கள். "டீச்சரம்மாவுக்கு எதுக்கு வீண் சிரமம்?" என்றார். என்னை அதுவரை அவர் பார்க்கவில்லை. அப்போது மட்டும் பார்த்தார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். பெட்டி நாளை கோயிலுக்கு வந்துவிடும் என்று மட்டும் சொன்னேன். இராமலிங்கம் மகிழ்ந்து போனார். பால் இல்லாத காப்பி, சர்க்கரையும் இல்லை. முழுசாகக் குடித்தார்.

அவர் போன பிறகு துருத்தியைக் கழற்றினேன். கசிந்த இடத்தில் பழைய துணியைக் கூழ் தடவி ஒட்டினேன். அழுத்திப் பார்த்தேன். காற்றுக் கசியாமல் நிற்கிறது.

நான் சொன்னதில் பொய் இல்லை. பெட்டி நாளை போகும். அதை அமுக்க அவர்கள் ஆள் தேட வேண்டியதில்லை. தம்புசாமி வந்து தன் இடத்தைக் கேட்கும் வரை, வெள்ளிக்கிழமைதோறும், அந்த இடத்தில் நான் இருப்பேன். வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. கன்னையாவுக்கும் தெரியாது.

நாளை ஆறு மணிக்கு. பழைய ஆறு.