மேசை மாப்பிள்ளை தரையில் இறங்கினார்

என் உயிரான மனைவிக்கு,

நீயும் நம் குட்டியும், அத்தை, மாமா, மச்சான் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்தான். சாதாரண நலம் இல்லை, தெருவில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்கிற நலம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று மச்சானிடம் காட்டிச் சிரிக்காதே. அதற்குக் காரணம் இருக்கிறது, போகப்போகத் தெரியும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்ததும் "பிடிச்சீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்கிறாய். நான் "அது வந்து" என்று இழுப்பதற்குள் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க உனக்கு மனசு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிடித்துவிட்டேன். ஒன்றில்லை, இரண்டு. பிடித்து முடிக்கும்வரை யாரையும் கூப்பிடவும் இல்லை.

குட்டியின் துணி மடிப்பிலிருந்து அன்றைக்குத் தேள் விழுந்ததும், நான் மேசைமேல் ஏறி நின்றதும், நீ ஒரு கையில் குழந்தையை அள்ளிக்கொண்டு மறுகையில் செருப்பை எடுத்து அதை அடித்ததும் உங்கள் வீட்டில் ஊரறிந்த கதை. மச்சான் எனக்கு மேசை மாப்பிள்ளை என்று பட்டமே கொடுத்துவிட்டான். கரண்ட் கம்பியோடு குடித்தனம் நடத்துகிற எலக்ட்ரீஷியன் ஒரு பூச்சிக்குப் பயப்படலாமா என்று மாமாவும் கேட்டார். கரண்டுக்குக் கால் கிடையாது மாமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நீங்களே ஒரு தேளைப் பிடிக்கிற வரைக்கும் நானும் என் பிள்ளையும் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம் என்று நீ சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நீ போன மறுநாளே சிமெண்ட் வாங்கி வந்தேன். பிடிப்பதைவிட வராமல் தடுப்பது புத்திசாலித்தனம் அல்லவா? வெளிச்சுவரில் இருந்த பொந்து, வெடிப்பு, குழாய் போகிற ஓட்டை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பூசினேன். அன்று சாயங்காலம் குளியலறையில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, ஆணியில் தொங்கிய என் சட்டைக்குள் ஒன்று. சுவருக்குள் குடியிருந்ததெல்லாம் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் இறங்கிவிட்டது. என் அலறலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கொத்தனார் ஓடி வந்தார். "விருந்தாளிய உள்ள வச்சுப் பூட்டிட்டீங்களே தம்பி" என்று சொல்லிவிட்டு மூன்றையும் அவரே அப்புறப்படுத்தினார். அவர் அப்படிச் சொன்னபோது நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று தயவுசெய்து கேட்காதே.

பிறகுதான் எனக்கு யோகம் அடித்தது. ஒரு ஜவுளிக்கடையில் வயரிங் வேலை. கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்கிற நீல விளக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கதையைச் சொல்லி நான் புலம்பவும், அந்த விளக்கை இருட்டில் அடித்தால் தேள் பச்சையாக மின்னும், எங்கள் குடோனில் அப்படித்தான் தேடிப் பிடிக்கிறோம் என்றார் முதலாளி. எவ்வளவு காலமாக விளக்கு மாட்டுகிறேன், இது தெரியாமல் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டேன். கெஞ்சிக் கூத்தாடி அந்த விளக்கை இரவல் வாங்கி வந்தேன்.

பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அறை அறையாக நீல விளக்கை அடித்துப் பார்த்தேன். ஹாலில் இல்லை, அடுப்படியில் இல்லை. அப்பாடா என்று படுக்கையறைக்குள் போனால், குட்டியின் தொட்டிலுக்கு அடியில், பலகை இடுக்கில், பச்சையாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கால் தானாக ஹால் பக்கம் திரும்பியது. ஆனால் அது உட்கார்ந்திருந்தது என் மகளின் தொட்டிலில். எனக்குக் கோபம் வந்தது. தேளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

ஸ்குரூ டிரைவரால் தட்டினேன். கீழே விழுந்தது. பெரிய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து மூடினேன். மூடிய பிறகுதான் கண்ணாடி டம்ளரை எடுத்திருக்கலாமே என்று உறைத்தது, உள்ளே அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அலமாரியில் மிச்சம் கிடந்த நம் கல்யாணப் பத்திரிகையை எடுத்து டம்ளருக்கு அடியில் மெதுவாகச் செருகினேன். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. டம்ளரையும் அட்டையையும் இடது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க வலது கையைத் தொட்டிலில் ஊன்றினேன்.

அங்கே இன்னொன்று இருந்தது.

கட்டைவிரலில் சுரீர் என்றது. வலி தோள்பட்டைவரை ஏறியது. என் தொழிலில் வாங்கின ஷாக் எல்லாம் அதற்கு முன்னால் தூசு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் இடது கையிலிருந்த டம்ளரை விடவில்லை. நம் கல்யாணத்தின் மேல் சத்தியமாக விடவில்லை. அதை இன்சுலேஷன் டேப் போட்டு இறுகச் சுற்றிக் கீழே வைத்தேன். கொட்டியவனை அதே கையால் பவுடர் டப்பாவுக்குள் தள்ளி மூடினேன். அதற்குப் பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டேன், அதுவும் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டுவதற்காக.

பதறாதே. நான் நன்றாக இருக்கிறேன். ஊசி போட்டு, ஒரு ராத்திரி படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். எந்தத் தேள் என்று டாக்டர் பார்க்கட்டும் என்று டப்பாவையும் கொண்டுபோயிருந்தேன். வாசலில் ஆறடிக் காவலாளி ஒருவர், உள்ளே என்ன என்று அதட்டித் திறக்கச் சொன்னார். லேசாகத் திறந்து காட்டினேன். மனுஷன் ஒரே தாவலில் பெஞ்சுமேல் நின்றார். அந்த வலியிலும் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! இறங்குங்க அண்ணே, ஒண்ணும் பண்ணாது என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். இதை மச்சானுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டு.

பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள், கைக்குழந்தை என்றால் ஆபத்து என்றார் டாக்டர். வீங்கிய கட்டைவிரலைப் பார்த்தபடி படுத்திருந்தேன். குட்டியின் உள்ளங்கையே அந்த அளவுதான் இருக்கும். நீ அவளைத் தூக்கிக்கொண்டு போனது ரொம்பச் சரி. கோபம் தணிந்ததும் தானாக வருவாள் என்று தெருவில் பேசிக்கொண்டு திரிந்தேன். அந்த வாயை இப்போது மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நானும் கொத்தனாரும் பின்பக்கத்துக் கற்குவியலைத் தூக்கி அப்புறப்படுத்தினோம். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடித்தாகிவிட்டது. தொட்டிலின் நாலு கால்களையும் கண்ணாடி ஜாடிகளுக்குள் நிறுத்தியிருக்கிறேன், வழுக்கும் கண்ணாடியில் தேளால் ஏற முடியாது. சொந்தமாக நீல விளக்குகள் வாங்கி அறைக்கு ஒன்று மாட்டிவிட்டேன். சுவிட்சு உன் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருக்கிறது. தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு சுற்று வருகிறேன். தொட்டில் அறையில் அதற்குப் பிறகு எதுவும் மின்னவில்லை.

இனித் தேளே வராது என்று நான் சொல்ல மாட்டேன். கல்லும் காடும் பக்கத்திலேயே இருக்கிறது, வரத்தான் செய்யும். வந்தால் நான் எங்கே நிற்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எழுத்து கோணலாக இருப்பதற்குக் கட்டைவிரல் பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், இதை வைத்து எழுத வீட்டில் மேசை இல்லை. கொத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து முழங்காலில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

குட்டி நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழட்டும். அவளைத் தூக்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
தரையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் கணவன்