எண்ணெய் தேய்க்கும் கைகளை முறித்தது குறித்து

அனுப்புநர்:
பா. வள்ளித்தாய் (வயது 41),
க/பெ பாண்டி,
செயலாளர், அருவிக்கரை எண்ணெய்த் தொழிலாளர் சங்கம்,
வடக்குத் தெரு, இலஞ்சி,
தென்காசி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தென்காசி மாவட்டம்.

பொருள்: அருவிப் பகுதிச் சிறப்பு நிதி மசோதாவை எதிர்த்து எம்.எல்.ஏ.க்களிடம் முறையிடப் போனவர்களை அடித்து, இரு கைகளும் முறிந்த என் கணவரைச் சிறையில் வைத்திருப்பது – உடனே அறுவைச் சிகிச்சை செய்யவும் பொய் வழக்கை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பாண்டி குற்றாலம் மெயின் அருவிக்கரையில் பத்தொன்பது வருடமாக, குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழில் செய்கிறார். நான் பக்கத்தில் சீயக்காயும் துண்டும் விற்கிறேன். வருகிற வியாழக்கிழமை சட்டமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு வரும் மசோதாவில், அருவிக்கு எதிரே கண்ணாடிப் பாலமும் தனியார் மசாஜ் நிலையமும் கட்ட ஊரார் வரிப்பணம் ஒதுக்கப்படுகிறது. எங்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தவும் அதிலேயே வழி செய்திருக்கிறார்கள். எங்கள் வயிற்றில் அடிக்க எங்கள் காசையே எடுப்பது எந்த ஊர் நியாயம்?

2. இம்மாதம் 15ஆம் தேதி ஆறு எம்.எல்.ஏ.க்கள் இடத்தைப் பார்வையிட வந்தார்கள். காலையில் அருவிக்குக் குளிக்கவும் வந்தார்கள். குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் போகிறவர் யார்? பலகையில் குப்புறப் படுத்தவர் நடுவில் எழுந்து போக முடியாது. சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகையால் தேய்க்கும்போதே ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுவது என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தோம். என் கணவர் ஓர் எம்.எல்.ஏ.வின் தோளை அமுக்கியபடி, "ஐயா, நாங்க முப்பத்தெட்டு குடும்பம் இந்தக் கரைய நம்பித்தான் கெடக்கோம். அந்த மசோதாவுக்கு மட்டும் கை தூக்கிராதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எம்.எல்.ஏ.க்கள் தங்கியிருக்கும் பங்களாவுக்கு எல்லாரும் வந்து மற்றவர்களிடமும் சொல்லுங்கள் என்றார்.

3. அங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்தோம், மறைக்கவில்லை. பெரிய மனிதர் வாசலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஆளுக்கொரு பாட்டில் நல்லெண்ணெய் எடுத்துப் போனோம். எண்ணெய்க் கையில் மூடி வழுக்கும் என்பதால் அருவிக்கரையில் யாரும் பாட்டிலுக்கு மூடி போடுவதில்லை. துணியைத் திரித்து அடைத்துக்கொள்வார்கள். அது வெளியூர்க்காரர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

4. பங்களா வாசலில் நின்ற, கண்ணாடிப் பாலம் கட்டப்போகும் ஒப்பந்தக்காரரின் காவலாள் "பெட்ரோல் குண்டு" என்று கத்தினார். யாரும் முகர்ந்து பார்க்கவில்லை. பாதுகாப்புக்கு நின்ற காவலர்கள் லத்தியோடு பாய்ந்தார்கள். பாட்டில்கள் உடைந்து ரோடு முழுவதும் எண்ணெய். ஓடியவர்கள் வழுக்கி விழுந்தார்கள். விழுந்தவர்களைக் கண்ணாடிச் சில்லின் மேலேயே போட்டு அடித்தார்கள். எண்ணெய் உடம்பு பிடிக்கு நிற்காததால் தலைமயிரைப் பற்றி இழுத்தார்கள். எங்களோடு தொழில் செய்யும் அறுபத்திரண்டு வயது சேக் தாவூது அண்ணாச்சி, "நல்லெண்ணெய் ஐயா இது, மோந்து பாருங்க" என்று தம் பாட்டிலை நீட்டினார். அதைப் பிடுங்கி அவர் வாயிலேயே அடித்தார்கள். முன்பல் நான்கு போயிற்று. உதடு கிழிந்து தொங்கியது.

5. அவரைத் தூக்கப் போன என் கணவரை ரோட்டில் மல்லாக்கத் தள்ளி, இரண்டு பேர் அவர் கைகளை விரித்து மிதித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் மணிக்கட்டில் அடித்தார். முதலில் வலது கை. "இனிமே எவனுக்குலே தேய்ப்பே?" என்று கேட்டுவிட்டு இடது கை. எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. ஓடிப்போய் அவர்மேல் விழுந்தேன். என் முதுகிலும் ஏழெட்டு அடி. பாவிகள், விளங்குவார்களா! மனுவில் இப்படி எழுதக் கூடாது என்று தெரியும். பொறுத்தருள வேண்டும்.

6. அன்றே அவர்மீது பெட்ரோல் குண்டு வழக்குப் பதிந்து சிறையில் அடைத்துவிட்டார்கள். பத்து நாளுக்குள் தகடு வைத்து அறுவை செய்யாவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், கையில் பிடிமானமே இருக்காது என்று அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றோடு ஆறு நாள் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் காவலாக அனுப்பப் போலீஸ் இல்லை என்று நாளைக் கடத்துகிறார்கள். அவருக்குச் சோறு ஊட்டிவிடுவது பக்கத்தில் இருக்கும் கைதி.

7. சனிக்கிழமை காலை ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் டைப் அடித்த தாளோடு என் வீட்டுக்கு வந்தார். அருவிக்கரைத் தொழிலாளர் அனைவரும் மசோதாவை மனமார வரவேற்கிறோம் என்று அதில் இருக்கிறது. சங்கச் செயலாளராக நான் கையெழுத்திட்டால் மறுநாளே அறுவை நடக்குமாம். வழக்கும் இல்லாமல் போகுமாம். தாளை வைத்துவிட்டுப் போனார்.

ஐயா, பொய் சொல்ல மாட்டேன். பேனாவைத் திறந்துவிட்டேன். எனக்கு என் புருஷன் கை பெரிதா, மசோதா பெரிதா? ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அன்று மதியம் சிறைக்குப் போனேன். "ஏட்டி, அம்புட்டு பேரு சோத்துலயும் மண்ணப் போட்டுட்டு நான் எவன் மூஞ்சில முழிக்க? போடாத" என்றார். சொல்லிவிட்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. கம்பிக்குள் விட்ட என் கையும் அவர் முகத்துக்கு எட்டவில்லை.

8. ஆகவே அவரை இன்றே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பவும், உடையாமல் தப்பி, போலீசார் கைப்பற்றி வைத்திருக்கும் பதினோரு பாட்டில்களைத் தங்கள் முன்னிலையில் திறந்து பார்க்கவும், அடித்தவர்கள் மீது வழக்குப் பதியவும், வியாழக்கிழமைக்குள் இம்மனுவின் நகல் அந்த ஆறு எம்.எல்.ஏ.க்களுக்கும் போய்ச் சேரவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

அந்த டைப் அடித்த தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்னும் நான்கு நாள் அது வீட்டில் கிடந்தால், எந்த நேரத்திலாவது நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். தயவுசெய்து அதை என்னிடம் திருப்பித் தராதீர்கள்.

நம்பிக்கையோடும் நடுக்கத்தோடும்,
(ஒப்பம்) பா. வள்ளித்தாய்

இடம்: இலஞ்சி
நாள்: 21.07.2025

இணைப்பு: எக்ஸ்ரே நகல், மருத்துவர் சீட்டு, கையெழுத்திடாத தாள் ஒன்று.