பேஸ்மென்டில் ஊற்றிய பியர்

1996 நவம்பர் 10, ஞாயிறு

இன்று என் கணவருக்கு ஒரு பொய் சொன்னேன்.

தொழிற்சாலை வேலை போனதிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போன மாதம் பழைய வேலை நண்பர் ஒருவர் வீட்டிலேயே பியர் காய்ச்சச் சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டுக்குக் கீழேயுள்ள பேஸ்மென்டில் அவரும் ஒரு வாளியும்தான். மூடியில் குமிழி வெடிக்கும் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டுச் சிரிப்பார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

காலையில் அவர் போத்தல் மூடி வாங்கக் கடைக்குப் போனார். நான் கீழே இறங்கி, வாளியில் இருந்த எல்லாவற்றையும் கழுவுதொட்டியில் ஊற்றி ஓடவிட்டேன். தோடம்பழத் தோலை உரித்த மாதிரி ஒரு புளிப்பு வாசம் வீடெல்லாம் எழும்பியது.

அவர் வந்து வெறும் வாளியைப் பார்த்தார்.

"இஞ்சாரும், உதுக்குள்ள இருந்தது எங்கை?"

"மேலை பாசி மாதிரி மிதந்தது. பழுதாப்போச்செண்டு ஊத்திப்போட்டன்."

அது பாசியல்ல, வாசத்துக்குப் போடும் ஹொப்ஸ் பூ என்று எனக்குத் தெரியும். அவர் அதைத் தூவும்போது படியில் நின்று பார்த்திருந்தேன். அது அவருக்குத் தெரியாது.

கத்துவார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உம்மில பிழையில்லை. நான்தான் உமக்கு ஒண்டும் சொல்லேல்லை. அடுத்தமுறை நீரும் வாரும், ரெண்டுபேருமாக் காய்ச்சுவம்."

"ஓம்" என்றேன். இத்தனை நாளும் அவர் என்னை இப்படிக் கூப்பிடமாட்டாரா என்றுதான் ஏங்கினேன். உண்மையைச் சொல்லிவிட வாய் உன்னியது. சொன்னால் பிறகு கூப்பிடமாட்டார் என்ற பயத்தில் சும்மா இருந்துவிட்டேன்.

அவர் நித்திரையாகிவிட்டார். எனக்கு வரவில்லை.