வலை போட்ட இடம்

மஸ்கட்

நைனாவுக்கு அம்பிகா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

போன வாரம் ஆபீஸில் ஒரு சர்வர் நின்றுபோனது. பயப்படாதீர்கள், மீட்டுவிட்டோம். டேட்டாபேஸ் பேக்கப்பெல்லாம் பத்திரமாக வேறு இடத்தில் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்ற விவரம் மட்டும் நின்றுபோன சர்வருக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. தேடித் தேடிக் கண் பூத்துப்போயிற்று. அந்த விவரத்துக்குத் தனி கேட்லாக், வேறொரு சர்வரில் வேண்டும் என்றேன். வேலை கூடுமே என்று மேனேஜர் இழுத்தார்.

நம் தோணிரேவுக் கரையில் படகைத் தள்ளும் முன் அம்மாவிடம் சொல்வீர்களே, "முறிஞ்ச கம்பத்துக்கு அந்தாண்ட வலை வுடறேம்மே"னு, அதைச் சொன்னேன். காற்று திரும்பிய அன்று கிருஷ்ணன் மாமா நேரே அங்கே வந்து உங்களைக் கரை சேர்த்தது, அம்மா இடம் சொன்னதால்தானே! மேனேஜர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அறைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அம்மா போன பிறகு நீங்கள் யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்?

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. இனிமேல் படகைத் தள்ளும் முன் இடத்தை எனக்குப் போனில் சொல்லுங்கள். இங்கிருந்து நான் வந்து தேட முடியாதுதான். ஆனாலும் சொல்லிவிட்டுப் போங்கள், நைனா.

உங்கள்
அம்பிகா