வாங்கியவர் ஒருவர்

அன்புள்ள அக்கா,

இணையத்தில் நான் எழுதும் மாயாஜாலத் தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு விலை வைத்ததைச் சொல்லியிருந்தேனே. வாசகர்கள் காசு கொடுத்தால் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு எழுதிக்கொண்டே இருக்கலாம் என்று ஓர் ஆசை. வாராவாரம் "அடுத்தது எப்போ?" என்று உயிரை எடுத்தவர்கள் வாயே திறக்கவில்லை. ஒருவர் மட்டும், "தோழி, சூனியக்காரி செத்தாளா இல்லையா, அத மட்டும் சும்மா சொல்லிடுங்களேன்" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். கூடச் சிரிக்க அறையில் ஆளில்லை.

பிறகு ஒருவர் வாங்கினார். முகம் தெரியாத யாரோ என்று நாளெல்லாம் பூரித்துக் கிடந்தேன். பெயரைப் பார்த்தால் உன் தையல் கடை.

வாங்கியும் நீ அதைத் திறக்கவில்லை என்று தளம் காட்டுகிறது. என் காலேஜுக்குப் பணம் கட்டியதுபோல இதற்கும் கட்டிவிட்டு மிஷினுக்குத் திரும்பிவிட்டாய், இல்லையா? என்ன படிக்கிறேன் என்று அப்போதும் நீ கேட்டதில்லை.

விலையை எடுத்துவிட்டேன் அக்கா. ஆபீஸுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பக்கமாவது படித்துவிட்டு, "என்னடி இது, கண்றாவியா இருக்கு" என்று திட்டேன்.

உன்
வாயில்லாப் பூச்சி