பத்துத் தரம்

யூலை 8, திங்கள்
5 + □ = 9. பெட்டிக்குள்ளை என்ன வரும்? என்ரை தரம் இரண்டிலை முப்பத்தொரு பிள்ளையள். பத்தொன்பது பேர் 14 எண்டு எழுதியிருக்குதுகள்! கூட்டல் அடையாளத்தைக் கண்டால் காணும், கண்ணை மூடிக்கொண்டு கூட்டுதுகள். சிப்பியை வைச்சு, விரலை வைச்சு, தொண்டை வறளச் சொல்லிக்குடுத்தது ஆருக்கு? வந்த எரிச்சலிலை அதுகளிலை ஒருத்தி மதுராவைப் பிடிச்சு, "திருத்தம் பத்துத் தரம் எழுதிக்கொண்டு வா" எண்டன்.

யூலை 9
விடியவே மதுராவின்ரை தாய் றெஜினா பள்ளிக்கூட வாசலிலை, கையிலை பிள்ளையின்ரை கொப்பி. "ரீச்சர், போன மாசம் உதே கணக்குக்கு 14 எண்டு எழுதச் சரி போட்டுக் கிடக்கு. இப்ப மட்டும் பிழையோ? பிள்ளை அழுதழுது எழுதினவள்."

எனக்கு உச்சியிலை ஏறிச்சுது. ஆர் சரி போட்டது? பின்னேரத்திலை மதுராவுக்கு ரியூசன் குடுக்கிற அந்தக் கொலின்ஸ்தான், வேறை ஆர்! கொப்பியை வாங்கிப் பார்க்கவும் இல்லை, "அவரையே போய்க் கேளுங்கோ" எண்டு அனுப்பிப்போட்டன்.

யூலை 10
அதிபரிட்டைச் சொன்னன். "விடுங்கோ ரீச்சர்" எண்டார். எதை விடுறது? ஏழு வயசுப் பிள்ளையின்ரை தலைக்குள்ளை பிழையை ஏத்தினவனை விடுறதோ? நாளைக்குப் போறன்.

யூலை 11
உடுப்பிட்டி பஸ்ஸை விட்டிட்டு நேரை கொலின்ஸின்ரை ரியூசன் கொட்டிலுக்குப் போனன். பிள்ளையளுக்கு முன்னாலையே வாய்க்கு வந்தபடி ஏசினன். "உம்மை ஆர் படிப்பிக்கச் சொன்னது?" எண்டும் கேட்டன்.

பெடியன் எழும்பிப் போய், பிள்ளையளுக்கை இருந்த மதுராவிட்டைக் கொப்பியை வாங்கி விரிச்சு நீட்டினான்.

சிவப்புச் சரி. பக்கத்திலை க.க., யூன் 12.

என்ரை கையெழுத்து. அண்டைக்கு ஆசிரியர் கூட்டம். அதிபர் கதைக்கக் கதைக்க, மடியிலை கொப்பிக் கட்டை வைச்சு, பாராமல் சரி சரியெண்டு இழுத்துத் தள்ளினது நான்தான். அந்தக் கட்டிலை எத்தினை 14-க்குச் சரி போட்டனோ!

"நான் 4 எண்டுதான் சொல்லிக்குடுத்தனான், ரீச்சர். மதுராதான், 'எங்கடை ரீச்சர் சரி போட்டவா, மாத்தமாட்டன்' எண்டிட்டாள்" எண்டான்.

என்னை நம்பினதுக்கோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை குடுத்தன்? சீ.

யூலை 12, வெள்ளி
காலமை றெஜினாவிட்டை மன்னிப்புக் கேட்டன். வகுப்பிலை எல்லாத்தையும் சொல்லி, மதுராவின்ரை கையிலை சிவப்புப் பேனையைக் குடுத்தன். என்ரை சரிக்கு மேலை பிழையெண்டு பெரிய புள்ளடி போட்டாள்.

"ரீச்சரும் பத்துத் தரம்" எண்டாள். முகத்திலை ஒரு சிரிப்பும் இல்லை.

5 + 4 = 9. ஏழு தரம் எழுதியாச்சு. கை உளையுது. இன்னும் மூண்டு.